பதினாலு பேரில் ஒருத்தி

பூங்கோதை இருபத்து நாலு வருஷம் ஊரார் பிள்ளைகளை மலைக்குக் கொண்டுபோய் விட்டாள். திரும்பக் கூட்டியும் வந்தாள். மார்ச் முதல் வாரத்தில் ஏற்றம், டிசம்பர் முதல் வாரத்தில் இறக்கம். கல்கத்தா சியால்தாவில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து பஸ்ஸில் குர்சியாங். அதற்கும் மேலே, எப்போதும் பாதி மேகத்துக்குள் நிற்கும் ஹெதர்லி பெண்கள் பள்ளி. அறுபது, எழுபது பெண்கள். ஆளுக்கொரு கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மேல் வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும். வாந்தி எடுப்பவள், காய்ச்சலை மறைப்பவள், பல்லி பொம்மையைக் காட்டிப் பக்கத்துப் பெட்டிக்காரர்களை அலற வைப்பவள் என்று எல்லா ரகமும் உண்டு. இந்தக் கூட்டத்துக்குப் பள்ளியில் ‘ஸ்கூல் பார்ட்டி’ என்று பெயர். ஒரு வருஷம்கூட ஒரு தலை குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என்று ஹெதர்லியில் அவளுக்கு நல்ல பெயர்.

இப்போது அவளுக்கு எழுபத்தொரு வயது. கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இரண்டு அறை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், படி இறங்குவதே ஒரு வேலையாகிவிட்டது.

அவள் பிறந்தது அரக்கோணத்தில். கணவர் சௌந்தரராஜன் கல்கத்தா டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ. எண்பத்தொன்றில் மஞ்சள் காமாலை வந்து, பதினெட்டே நாளில் போய்விட்டார். அப்போது பூங்கோதைக்கு இருபத்தேழு வயது, மகள் கல்பனாவுக்கு நாலு. அண்ணன் வந்து, “கெளம்பும்மா, ஊருக்குப் போயிடலாம்” என்றார். அவள் போகவில்லை. ஊருக்குப் போனால் அண்ணன் வீட்டில் ஓர் ஓரத்தில் இருக்கலாம். இங்கே இருந்தால் ஒரு கதவுச் சாவியாவது தன் கையில் இருக்கும் என்று நினைத்தாள். கணவரின் மேலதிகாரி ஹெதர்லி பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பள்ளிக்குக் கல்கத்தாவில் ஓர் ஆபீஸ் உண்டு. ஃப்ரீ ஸ்கூல் தெருப் பக்கம் பழைய கட்டடத்தில், கூரை உயரமான ஒற்றை அறை. அங்கே டைப் அடிக்க ஆள் தேவை என்று அவளைச் சேர்த்துவிட்டார். அடுத்த மார்ச்சிலேயே ஸ்கூல் பார்ட்டியும் அவள் தலையில் வந்து விழுந்தது.

ஹெதர்லி 1874-ல் ஆரம்பித்த பள்ளி. பெண்களைச் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைக்க முடியாத தோட்டத்துத் துரைமார்கள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து கட்டியது. பிறகு ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களின் பெண்கள் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளி, மார்வாடி, நேபாளி, பூட்டான் பிள்ளைகள். வெள்ளைக்காரப் பெண்களுக்காகச் செய்த அதே இரும்புக் கட்டில்களில்தான் இவர்களும் படுத்தார்கள். அதே மணிக்குத்தான் எழுந்தார்கள். அங்கே வேலை செய்பவர்களின் பெண்ணுக்கு ஓர் இடம் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அந்த விதியில்தான் ஆறு வயதில் கல்பனா போய்ச் சேர்ந்தாள்.

அந்த முதல் பயணத்துக்கு முந்தின நாள் பூங்கோதை மகளை மடியில் உட்கார வைத்துச் சொன்னாள்: “ரயில் ஏறிட்டா நான் உனக்கு அம்மா இல்ல, தெரியுதா? எல்லாரும் கூப்பிடற மாதிரி நீயும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும். மத்தப் பிள்ளைங்க அம்மாவ விட்டுட்டு வருதுங்க. நீ மட்டும் அம்மா அம்மான்னா அதுங்க மனசு என்ன பாடுபடும்?”

கல்பனா தலையாட்டினாள். நாலு வருஷம் அந்தச் சொல் தவறவே இல்லை. ரயிலில் விளக்கை அணைத்த பிறகு பூங்கோதை ஒவ்வொரு படுக்கையாகப் போய்ப் போர்வையை இழுத்துவிடுவாள். அழுகிற பிள்ளையின் தலையைக் கொஞ்ச நேரம் தடவுவாள். கல்பனா அழுவதில்லை. அதனால் அவள் படுக்கையருகே நிற்க ஒரு காரணமும் கிடைக்காது. மற்றவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் அங்கேயும்.

எண்பத்தேழில் மலையில் தனி மாநிலக் கிளர்ச்சி. பந்த் மேல் பந்த். மழைக்காலம் வேறு. சாமான் ஏறி வரவில்லை, பள்ளியில் அரிசியும் மண்ணெண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தன. வசதியுள்ள பெற்றோர் அவரவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். கல்கத்தாப் பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேர் மீதி. “உடனே வந்து அழைத்துச் செல்லவும்” என்று தந்தி வந்தது. பூங்கோதை கிளம்பினாள். பந்த் தளர்ந்த ஒருநாள் பார்த்து, மலையடிவாரத்துச் சிலிகுரியில் இரண்டு பஸ் பேசினாள். ஒன்றுதான் வந்தது.

அதில் இருபத்து நாலு பேரைத்தான் ஏற்ற முடியும். தலைமையாசிரியை மிஸ் டிகோஸ்டா வயதுப்படி பட்டியலைப் பிரித்தார். சின்னப் பிள்ளைகள் முதலில். கல்பனாவுக்குப் பத்து வயது. அவள் பெயர் இரண்டாவது பட்டியலில், பதினாலு பெயர்களில் ஒன்றாக இருந்தது.

மிஸ் டிகோஸ்டா பூங்கோதையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “உங்கள் மகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை கூடினால் பஸ் கவிழ்ந்துவிடாது. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.”

பூங்கோதை படியில் நின்ற அந்தப் பதினாலு பேரையும் பார்த்தாள். மற்ற பதின்மூன்று பேருக்கும் கல்கத்தாவில் அம்மா இருக்கிறாள். நாளைக்கு சியால்தாவில் அவர்கள் வந்து நின்று, ‘என் பெண் எங்கே?’ என்று கேட்கும்போது, தன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

“வேண்டாம் மிஸ். ரெண்டு நாளில் வந்துடுவேன்” என்றாள்.

பஸ் கிளம்பும்போது கல்பனா கை அசைத்தாளா என்றுகூட அவளால் பார்க்க முடியவில்லை. மழை கண்ணாடியை மறைத்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் மடியில் வாந்தி எடுத்தாள்.

இரண்டு நாள், ஒன்பது நாளாயிற்று. இருபத்து நாலு பிள்ளைகளையும் கல்கத்தாவில் ஒப்படைத்துவிட்டு அவள் சிலிகுரிக்குத் திரும்பியபோது, திந்தாரியாவுக்குக் கிட்டே மலை சரிந்து ரோட்டை வாரிக்கொண்டு போயிருந்தது. அதோடு மறுபடியும் பந்த். சிலிகுரியில் ஒரு லாட்ஜில் தங்கி, தினமும் விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பாள். “ஆஜ் நஹி, தீதி”, இன்றைக்கு இல்லை என்று டிரைவர்கள் கை விரிப்பார்கள். ஒன்பதாம் நாள் அவள் காத்திருக்கவில்லை. ஒரு ஜீப்பில் சரிவு வரை போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாலை வேலைக்காரர்கள் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துச் சேற்றைக் கடந்து, அந்தப் பக்கம் வேறு ஜீப் பிடித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பதினாலு பேரும் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். கல்பனா ஓடிவரவில்லை. அம்மாவின் சேறு படிந்த புடவையை ஒரு தடவை பார்த்தாள், பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையிலேயே நின்றாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. ரயிலில் வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். சியால்தாவில் பதின்மூன்று பேரையும் அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்த பிறகு, பூங்கோதை மகளைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். “இனிமே உன்ன எங்கயும் விடமாட்டேன்டி கண்ணு. சத்தியமா விடமாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். ஹெதர்லி மறுபடி திறந்தபோது கல்பனா போகவில்லை. டாக்குரியாவிலேயே ஒரு பகல் பள்ளியில் சேர்த்தாள். வேலையை மட்டும் விட முடியவில்லை. மார்ச்சிலும் டிசம்பரிலும் அவள் பார்ட்டியோடு போகும்போது, கீழ்வீட்டு நாகம்மா கல்பனாவைப் பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்தால் மகள் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொண்டுவருவாள். மலை எப்படி இருக்கிறது, யார் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அந்த ஒன்பது நாளை அவள் மன்னிக்கவில்லை என்று பூங்கோதை முடிவு செய்துகொண்டாள். தானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பெற்றோர் விமானத்தில் பாக்டோக்ராவில் இறங்கித் தாங்களே பிள்ளைகளைக் கொண்டுவிடும் காலம் வந்தது. ஸ்கூல் பார்ட்டி நின்றது. 2006-ல் கல்கத்தா ஆபீஸையும் மூடினார்கள். கல்பனா படித்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த ரஞ்சனைக் கல்யாணம் செய்துகொண்டு பெஹாலாவில் குடியேறினாள். பேத்தி அனன்யா இப்போது கல்லூரியில். டாக்குரியாவுக்கும் பெஹாலாவுக்கும் முக்கால் மணி நேரம்தான். மாதம் ஒருமுறை கல்பனா வருவாள். மாத்திரை, கரண்ட் பில், கேஸ் என்று எல்லாம் சரியாகப் பார்ப்பாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவள் போன பிறகு, யாரோ நல்ல மனுஷி வந்து உதவிவிட்டுப் போன மாதிரிதான் பூங்கோதைக்கு இருக்கும். முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் மகளுக்காக ஒருத்தி ஏங்குகிறாள் என்று வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

போன வருஷம் ஜூலையில் பூர்ணிமா தத்தா என்று ஒரு பெண் தேடிக்கொண்டு வந்தாள். ஹெதர்லியின் பழைய மாணவி. பள்ளிக்கு நூற்றைம்பது வருஷம் ஆகிறது, வரலாறு எழுதுகிறார்கள், அந்தப் பொறுப்பு அவளிடம். செருப்பைக் கழற்றும்போதே, “என்னைத் தெரியுதா மாஷிமா? பல்லி பொம்மை!” என்று வங்காளியில், சித்தி முறை வைத்துக் கேட்டுச் சிரித்தாள்.

பூங்கோதைக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. “நீயா! உன்னால அந்த மார்வாடி அம்மா சங்கிலியப் பிடிச்சு ரயிலையே நிறுத்த இருந்தாங்க.”

பூர்ணிமா இதுவரை எழுதியதைக் காட்டினாள். அடிக்கல் நாட்டிய பிஷப், மணி எந்தக் கப்பலில் வந்தது, முப்பத்து நாலு பூகம்பத்தில் சாப்பாட்டுக் கூடம் விரிசல் விட்டது, எல்லாம் இருந்தது. “பிள்ளைங்க எப்படி வந்தாங்க, எப்படிப் போனாங்கன்னு ஒரு வரி இல்ல மாஷிமா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்” என்றாள்.

பூங்கோதை சொன்னாள். இரண்டு மணி நேரம் சொன்னாள். எண்பத்தேழுக்கும் வந்தாள். “ஒன்பது நாள் என் பொண்ணு அங்க தவிச்சுக்கிட்டு கெடந்தா” என்றாள்.

பூர்ணிமா பேனாவைக் கீழே வைத்தாள். “தவிச்சாளா? அந்தப் பதினாலு பேர்ல நானும் ஒருத்தி மாஷிமா. அந்த ஒன்பது நாள் மாதிரி என் வாழ்க்கையில பிறகு வரவே இல்ல. வகுப்பு கிடையாது. மணி கிடையாது. எல்லாரும் ஒரே அறையில, நடுவுல கணப்பு. மூணு வேளையும் கிச்சடி. கல்பனாதான் எங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. நீங்க வந்துட்டீங்கன்னு சொன்னதும் போய்க் குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. வரமாட்டேன்னு அப்படி ஒரு அழுகை. ஹாஸ்டல் மேட்ரன்தான் கெஞ்சி வெளிய கூட்டிட்டு வந்தாங்க.” பிறகு பூங்கோதையின் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதா?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூங்கோதை சொல்லாமல் கொள்ளாமல் பெஹாலாவுக்குக் கிளம்பினாள். டாலிகஞ்சில் ஆட்டோ மாறும்போது முழங்கால் வலியில் உயிர் போனது. கதவைத் திறந்த கல்பனா பயந்துவிட்டாள்.

“என்னம்மா? உடம்பு சரியில்லையா? ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ரஞ்சன் வந்திருப்பாரே.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு. ஒண்ணு கேக்கணும்.” ரஞ்சனும் அனன்யாவும் வெளியே போயிருந்தார்கள். பூங்கோதை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “அன்னிக்கு நான் மலைக்கு வந்தப்ப எதுக்குடி அழுத?”

எந்த அன்றைக்கு என்று கல்பனா கேட்கவில்லை. முன்னால் இருந்த டீக்கோப்பையை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

“விடும்மா. அதெல்லாம் கபேகார் கதா. எப்பவோ நடந்தது.”

“சொல்லு.”

“முடிஞ்சு போச்சேன்னு அழுதேன்.” கல்பனா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். “நீ வந்தது பிடிக்காம இல்லம்மா. சேறும் சகதியுமா வந்து நின்னியே, பாவமா இருந்துச்சு. ஆனா... எப்படிச் சொல்றது... தட் வாஸ் மை ப்ளேஸ். அங்கதான் நான் நானா இருந்தேன். மறுபடி திரும்பி வந்துடலாம்னுதான் நினைச்சேன். நீ ஸ்டேஷன்ல சத்தியம் பண்ணிட்ட.”

“நீ சொல்லியிருக்கலாமேடி! நான் போகணும்மான்னு ஒரு வார்த்தை...”

“எப்படிம்மா சொல்றது? நீ பிளாட்பாரத்துல அப்படி அழுத. எனக்குப் பத்து வயசு. உன்ன விட்டுட்டு அங்க போகணும்னு சொன்னா நீ செத்துப் போயிடுவியோன்னு நினைச்சேன்.”

தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனான்.

“அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவ நீ மட்டும் போயிட்டு வருவ” என்று கல்பனா தொடர்ந்தாள். “உன் சால்வையில அந்த வாசனை இருக்கும். விறகுப் புகை, நனைஞ்ச கம்பளி. நீ குளிக்கப் போவியே, அப்ப எடுத்து மூஞ்சில வெச்சுக்குவேன். அஞ்சு நிமிஷம். நீ வெளிய வந்ததும் அத முதல்ல ஊற வெச்சுடுவ.”

“உனக்கு அந்த ஞாபகம் வரக் கூடாதுன்னுதான்டி ஊற வெப்பேன்” என்றாள் பூங்கோதை. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். கல்பனா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பழக்கம் அவர்களிடம் விட்டுப்போய் எத்தனையோ காலமாகியிருந்தது. அம்மாவின் முழங்காலில் கையை வைத்து, “ரொம்ப வலிக்குதா? தைலம் தேய்க்கட்டா?” என்று கேட்டாள்.

நவம்பரில் நூற்றைம்பதாம் ஆண்டு விழா. பூங்கோதைக்கு அழைப்பு வந்தது. கல்பனாவுக்கு வரவில்லை, இடையில் நின்றவர்கள் பழைய மாணவிகள் பட்டியலில் இல்லை. பூங்கோதை பூர்ணிமாவைப் போனில் பிடித்தாள். “இருபத்து நாலு வருஷத்துல நான் பள்ளிக்கூடத்துக்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணு கேக்கறேன். என் எடத்துல என் பொண்ணு வரட்டும்.” பூர்ணிமா சிரித்தாள். “உங்க இடம் உங்களுக்கு மாஷிமா. அவளுக்கு அவ இடம் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீயும் வாயேம்மா. இப்பல்லாம் கார் வாசல் வரைக்கும் போகுமாம்” என்று கல்பனா கூப்பிட்டாள்.

“இந்தத் தடவ நீ போயிட்டு வா. நான் வந்தா நீ என்னையே பாத்துக்கிட்டு இருப்ப.”

உண்மையில் போகவேண்டும் என்று அவளுக்கும் அடிமனதில் ஓர் ஆசை இருந்தது. அந்தப் படிகள், குளிர், மேகம் விலகினால் தெரியும் பனிமலை. எத்தனையோ தடவை போயும், பிள்ளைகளை எண்ணியே கண் பூத்துப்போன அவள் எதையும் நின்று பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் மகள் விடமாட்டாள். சொல்லவில்லை.

கல்பனா கிளம்பிப் போன நாலாம் நாள் காலை ஏழரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கல்பனா நின்றாள், தோளில் பையோடு. சியால்தாவிலிருந்து பெஹாலாவுக்குப் போகாமல் நேரே லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்தாள்.

“தோசை இருக்கா?” என்றாள்.

பூங்கோதை ஊற்ற ஊற்ற அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். தமிழில் தொடங்கி, வங்காளிக்குத் தாவி, ஆங்கிலத்தில் முடித்து, மறுபடி தமிழுக்கு வந்து பேசினாள். அவர்கள் படுத்த அறை இப்போது கம்ப்யூட்டர் லேப். கணப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மேட்ரனின் மகள்தான் இப்போது மேட்ரன். கூரைத் தகரத்துக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள், சகிக்கவில்லை. கடைசி நாள் விடியற்காலையில் மேகம் விலகியது. அனன்யாவுக்கு வீடியோ எடுத்தாள்; வெளிச்சம் போதாமல் அதில் ஒன்றும் விழவில்லை.

“சேர்க்கைப் பதிவேட்டப் பாக்கணும்னு கேட்டேம்மா. காட்டினாங்க. என் பேரு இருந்துச்சு. பக்கத்துல, ‘தாயாரால் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டாள்’னு எழுதியிருக்காங்க.”

பூங்கோதையின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. “வேற ஒண்ணும் எழுதலையா?”

“அதுக்குன்னு ஒரு வரிதாம்மா இருக்கு. அதுல எவ்வளவு எழுத முடியும்?”

சாப்பிட்டு முடித்து அம்மாவின் கட்டிலில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தவள், ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே தூங்கிப்போனாள். மூக்குத் தண்டும் நெற்றியும் அப்படியே சௌந்தரராஜன். காதோரம் நரைத்திருந்தது. பூங்கோதை ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, போர்வையை எடுத்து மகளுக்குப் போர்த்தினாள். அவசரம் எதுவும் இல்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு ரஞ்சன் போன் செய்தார். “மா, கல்பனா அங்க இருக்காளா? ரயில் காலையிலேயே வந்துடுச்சே.”

“இங்கதான் தூங்கறா ரஞ்சன்” என்று அவள் குரலைத் தாழ்த்தி வங்காளியில் சொன்னாள். “எழுப்பல. இன்னிக்கு ஒருநாள் இங்கேயே இருக்கட்டும்.”